1937: ஜப்பானில் போரை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

ஒவ்வோர் ஆண்டும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்த நாளான ஆகஸ்ட் 15 நெருங்கும்போது டோக்கியோவின் யசுகுனி ஆலயம் செய்தியில் அடிபடும். ஜப்பானிய அமைச்சர் யாராவது அங்கே போய் வணங்குவார், சீனாவும் தென்கொரியாவும் கண்டிக்கும். போர்களில் இறந்த படையினரோடு சேர்த்து, ‘ஏ’ வகுப்புப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் அங்கே வழிபாட்டுக்குரியவர்களாக 1978இல் சேர்த்ததுதான் இதற்கு முக்கியக் காரணம்.

அந்தப் பதினான்கில் இரண்டு பெயர்களைக் கவனியுங்கள். ஒருவர் ஜெனரல் மட்சுய் இவானே, அன்றைய சீனத் தலைநகரான நான்ஜிங்கைப் பிடித்த படைகளின் தளபதி. இன்னொருவர் ஹிரோத்தா கோகி. இவர் ராணுவத்தில் இருந்தவரே இல்லை, தொழில்முறைத் தூதர். 1937இன் தொடக்கத்தில் பிரதமர், அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியுறவு அமைச்சர். போருக்குப் பின் நேச நாடுகள் டோக்கியோவில் அமைத்த தீர்ப்பாயத்தின் தீர்ப்புப்படி, இருவரும் 1948 டிசம்பர் 23 அன்று தூக்கிலிடப்பட்டார்கள்.

யூனிஃபார்ம் போடாத மனிதர் எப்படித் தூக்குமேடை வரை போனார்? ‘ராணுவம் நாட்டைப் பிடித்தது, போருக்கு இழுத்துப் போனது’ என்ற வழக்கமான விளக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. அந்த விளக்கம் பாதிதான் சரி. 1937இன் முதல் பாதியில் ராணுவம் அமைச்சரவைகளைக் கவிழ்த்தது உண்மை. ஆனால் ஜூலையில் சீனாவோடு போர் மூண்ட பிறகு, ‘நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற குரல் ராணுவத் தலைமையகத்துக்குள்ளிருந்து வந்தது. அதை அமுக்கியவர்களில் முன்வரிசையில் நின்றது சிவிலியன் அமைச்சரவை. இந்தத் தலைகீழ் நிலை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

## அதிகாரம் எப்படிப் பிரிந்து கிடந்தது

1889ஆம் ஆண்டின் மெய்ஜி அரசியலமைப்புதான் அடிப்படை. நமக்கு வேண்டியவை நான்கு விஷயங்கள்.

1. படைகளின் தலைமை நேரடியாகப் பேரரசரிடம் இருந்தது (11ஆம் பிரிவு). போர் நடவடிக்கைகளை ராணுவத் தலைமையகமும் கடற்படைத் தலைமையகமும் பேரரசரிடமே எடுத்துச் செல்லும். பிரதமரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பல நேரம் தகவல்கூடச் சொல்ல மாட்டார்கள்.

2. பிரதமர் என்ற பதவியே அரசியலமைப்பில் இல்லை. ஒவ்வோர் அமைச்சரும் தனித்தனியாகப் பேரரசருக்கு ஆலோசனை சொல்பவர். தன் பேச்சைக் கேட்காத அமைச்சரைப் பிரதமரால் நீக்க முடியாது. ஒருவர் முரண்டுபிடித்தால் மொத்த அமைச்சரவையும் ராஜினாமா செய்வதுதான் வழி.

3. பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதில்லை. ‘கென்ரோ’ எனப்பட்ட மூத்த அரசியல் பெரியவர்கள் பெயர் சொல்வார்கள், பேரரசர் நியமிப்பார். 1937இல் உயிரோடு இருந்த ஒரே கென்ரோ சையோன்ஜி கின்மோச்சி, எண்பது வயதைத் தாண்டியவர்.

4. ராணுவ அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் இருக்கும் ஜெனரல்களாகவும் அட்மிரல்களாகவும்தான் இருக்க வேண்டும். இந்த விதி 1900இல் வந்தது, 1913இல் தளர்ந்தது, 1936 மே மாதம் திரும்ப வந்தது.

நான்காவது விதியில்தான் கத்தி ஒளிந்திருக்கிறது. பணியில் இருக்கும் அதிகாரி, மேலிடம் சொன்னதைக் கேட்டாக வேண்டும். ‘அந்த அமைச்சரவையில் சேராதே’ என்று ராணுவம் சொல்லிவிட்டால் அமைச்சரவையே அமையாது. 1936இல் இதைத் திரும்பக் கொண்டுவந்தது ஹிரோத்தாவின் அரசு. அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று இளம் அதிகாரிகள் சிலர் ஏறக்குறைய 1,500 வீரர்களோடு டோக்கியோவின் மையப்பகுதியைப் பிடித்து, நிதியமைச்சர் தகஹாஷி கொரெகியோ உட்படப் பலரைக் கொன்றிருந்தார்கள். கலகம் அடங்கியதும் ராணுவம் ஒரு காரணம் சொன்னது: கலகத்தோடு தொடர்புள்ளதாகக் கருதி ஓய்வில் அனுப்பிய ஜெனரல்கள் பின்வாசல் வழியாக அமைச்சராகிவிடக் கூடாது, அதனால் பழைய விதி வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கலகம் செய்தது ராணுவத்தின் ஆட்கள், அதைக் காட்டி அதிகாரத்தைப் பெருக்கிக்கொண்டதும் ராணுவம்!

## ஜனவரி: விழுந்த அமைச்சரவையும் பிறக்காத அமைச்சரவையும்

1937 ஜனவரி 21. நாடாளுமன்றத்தில் செய்யூகாய் கட்சியின் மூத்த உறுப்பினர் ஹமதா குனிமட்சு எழுந்து, ராணுவம் அரசியலில் தலையிடுவதைக் கடுமையாகச் சாடினார். ராணுவத்தை அவமதிக்கும் சொற்கள் அதில் இருந்ததாக ராணுவ அமைச்சர் தெராவுச்சி ஹிசாயிச்சி சீறினார். ஹமதா விடவில்லை. சுருக்கெழுத்துக் குறிப்பைப் பார்க்கலாம், அவமதிப்பு இருந்தால் நான் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன், இல்லையென்றால் நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள் என்றார். ஜப்பானிய வரலாற்றில் இது ‘ஹராகிரி விவாதம்’ என்றே பெயர் வாங்கிவிட்டது.

சபையைக் கலையுங்கள் என்று தெராவுச்சி பிடிவாதம் பிடித்தார். மற்ற அமைச்சர்கள் இணங்கவில்லை. ஹிரோத்தா 23ஆம் தேதி ராஜினாமா செய்தார். தான் கொண்டுவந்த விதி தன் அரசுக்குப் பின் வந்தவரை என்ன செய்தது என்பதை அவர் அடுத்த வாரமே பார்த்தார்.

சையோன்ஜி பரிந்துரைத்த பெயர் உகாகி கசுஷிகே. ஓய்வுபெற்ற ஜெனரல், ராணுவத்தை அடக்கத் தெரிந்தவர் என்று கட்சிகளும் தொழிலதிபர்களும் நம்பினார்கள். ராணுவத்துக்கு அவரைப் பிடிக்காததும் அதே காரணத்தால்தான். 1925இல் ராணுவ அமைச்சராக இருந்தபோது நான்கு டிவிஷன்களை அவர் கலைத்திருந்தார். பேரரசரின் அழைப்பை ஏற்று டோக்கியோவுக்குக் கிளம்பிய அவரது காரை வழியிலேயே ராணுவப் போலீஸ் தளபதி நகஜிமா கெசாகோ மறித்து, ஏறிக்கொண்டு, பொறுப்பை ஏற்க வேண்டாம் என்று வற்புறுத்தினார். உகாகி கேட்கவில்லை, அரண்மனைக்குப் போய்ப் பொறுப்பை ஏற்றார். ஆனால் அமைச்சராக ஒரு ஜெனரலையும் தர முடியாது என்று ராணுவம் கைவிரித்தது. பேரரசரின் ஆணை மூலம் தானே பணிக்குத் திரும்பி அந்தப் பதவியையும் வைத்துக்கொள்ளலாமா என்று உகாகி வழி தேடினார். அரண்மனை வட்டாரம் துணியவில்லை. 29ஆம் தேதி கைவிட்டார்.

பேரரசரே ஒருவரை அழைத்தும் ராணுவம் அவரைப் பிரதமராக விடவில்லை. பேரரசரின் பெயரால் எல்லாவற்றையும் செய்யும் ராணுவம்! இந்தத் தடுப்பின் பின்னால் இருந்த மூளை, ராணுவத் தலைமையகத்தில் இருந்த இஷிவாரா கான்ஜி. ஜப்பான் பிற்பாடு மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை உருவாக்கக் காரணமான 1931 மஞ்சூரிய ஊடுருவலைத் திட்டமிட்டவரும் இவரே. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வந்தவர் ஹயாஷி செஞ்சூரோ. 1931இல் கொரியாவில் இருந்த படையைப் பேரரசரின் ஆணைக்குக் காத்திராமல் எல்லை தாண்டி மஞ்சூரியாவுக்கு அனுப்பியவர். பட்ஜெட்டுக்குக் கட்சிகளிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்ட கையோடு மார்ச் 31 அன்று சபையைக் கலைத்தார். ‘சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடுவது’ என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. ஏப்ரல் 30 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். மொத்தம் 466 இடங்களில் மின்செய்தோ, செய்யூகாய் என்ற இரு பெரிய கட்சிகளும் தலா 170க்கு மேல் பிடித்தன, சோஷலிஸ்ட் கட்சியான ஷக்காய் தைஷூத்தோ 40ஐ நெருங்கியது, அரசுக்கு ஆதரவான சிறு கட்சிகள் ஓரங்கட்டப்பட்டன. மே 31 அன்று ஹயாஷி விலகினார்.

ஆக, போருக்கு இரண்டு மாதம் முன்புகூட ஜப்பானிய வாக்காளர்கள் ராணுவப் பிரதமரை நிராகரித்தார்கள். சர்வாதிகார நாடு என்று எளிதாக முத்திரை குத்திவிட முடியாததற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த வாக்கு அரசு அமைக்கப் பயன்படவில்லை என்பதும் அதே அளவு முக்கியம்.

ஜூன் 4 அன்று பதவியேற்றவர் இளவரசர் கோனோயே ஃபூமிமாரோ. வயது 45. பழம்பெரும் ஃபூஜிவாரா குலம், பிரபுக்கள் அவையின் தலைவர். ராணுவம், கட்சிகள், பத்திரிகைகள், மக்கள் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. வெளியுறவுக்கு ஹிரோத்தா திரும்பி வந்தார்.

## ஜூலை 7: பாலத்தருகே நடந்தது என்ன

பெய்ஜிங்குக்கு அருகே ஜப்பானியப் படை ஏன் இருந்தது என்பது பலருக்கும் எழும் கேள்வி. 1900இல் சீனாவில் வெளிநாட்டவரை எதிர்த்து நடந்த பாக்ஸர் கிளர்ச்சிக்குப் பிறகு 1901இல் ஏற்பட்ட ஒப்பந்தம், பெய்ஜிங்கிலிருந்து கடற்கரை வரை வெளிநாடுகள் சிறு காவற்படை வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஜப்பான் 1936இல் தன் காவற்படையை ஒரேயடியாகப் பெருக்கியது.

1937 ஜூலை 7 இரவு, மார்க்கோ போலோ பாலத்தருகே ஒரு ஜப்பானிய கம்பெனி இரவுப் பயிற்சியில் இருந்தபோது சில துப்பாக்கிக் குண்டுகள் வெடித்தன. வருகைப் பதிவில் ஒரு வீரரைக் காணோம். சற்று நேரத்தில் அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அதற்குள் தகவல் மேலே போய், படைகள் நகர்ந்து, விடியற்காலையில் மோதலாகிவிட்டது. முதல் குண்டைச் சுட்டது யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. என்னைக் கேட்டால் அதைத் தோண்டுவதில் பெரிய பயன் இல்லை. இப்படிப்பட்ட உரசல்கள் அந்தப் பகுதியில் புதிதல்ல, பேசித் தீர்ப்பதும் புதிதல்ல. இதையும் தீர்த்தார்கள். ஜூலை 11 அன்று அங்கிருந்த இரு தரப்பு அதிகாரிகளும் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

அதே ஜூலை 11 அன்று டோக்கியோவில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. மஞ்சூரியாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் படை அனுப்ப கோனோயே அமைச்சரவை கொள்கையளவில் முடிவெடுத்து அறிக்கை விட்டது. அன்று மாலையே பத்திரிகை அதிபர்கள், கட்சித் தலைவர்கள், தொழிலதிபர்களைத் தன் இல்லத்துக்கு வரவழைத்து கோனோயே ஆதரவு கேட்டார். வலுவைக் காட்டினால் சீனா இறங்கிவரும், முன்கையும் நம் கையில் இருக்கும் என்பது அவர் கணக்கு. சீனாவின் தலைவர் சியாங் கை ஷேக் அதை வேறு மாதிரி படித்தார். முந்தைய டிசம்பரில் சியானில் சொந்தத் தளபதிகளே அவரைச் சிறைபிடித்து, கம்யூனிஸ்ட்களோடு சண்டையை நிறுத்தி ஜப்பானை எதிர்க்கச் சொல்லி நெருக்கியிருந்தார்கள். இனியும் விட்டுக்கொடுத்தால் அவர் பதவி நிலைக்காது.

மாதக் கடைசியில் ஜப்பான் முழுத் தாக்குதல் தொடங்கி பெய்ஜிங்கையும் தியான்ஜினையும் பிடித்தது. ஜூலை 29 அன்று துங்சோவில், ஜப்பானின் ஆதரவில் இயங்கிய சீனக் காவற்படையே கலகம் செய்து 200க்கும் மேற்பட்ட ஜப்பானியரையும் கொரியரையும் கொன்றது. பத்திரிகைகள் அதை நாள்தோறும் எழுதின. பேசித் தீர்க்கலாம் என்று சொல்ல இனி யாருக்கும் வாய் வராது.

## ராணுவத்துக்குள் இரண்டு தரப்பு

இப்போது இஷிவாராவிடம் திரும்புவோம். 1937இல் அவர் தலைமையகத்தின் செயல்பாட்டுப் பிரிவுத் தலைவர். மஞ்சூரியாவைப் பிடித்த அதே மனிதர் சீனாவுக்குள் போகவே கூடாது என்றார். மனம் மாறி அமைதிவாதி ஆகிவிடவில்லை, கணக்குதான் வேறு:

1. உண்மையான எதிரி சோவியத் யூனியன். மஞ்சூரிய எல்லையில் அதன் படைபலம் ஜப்பானுடையதைவிட மிக அதிகம்.
2. அதை எதிர்கொள்ளக் கனரகத் தொழிலை வளர்க்க ஐந்தாண்டுத் திட்டம் போட்டிருந்தார். அதற்குப் பல ஆண்டு அமைதி தேவை.
3. சீனா பரந்த நாடு. உள்ளே போகும் படை, ஸ்பெயினில் நெப்போலியன் மாட்டிக்கொண்டதுபோல மாட்டிக்கொள்ளும்.

எதிர்த்தரப்பில் ராணுவ அமைச்சர் சுகியாமா ஹஜிமேயும், இஷிவாராவின் கீழேயே வேலைபார்த்த முத்தோ அகிராவும் இருந்தார்கள். ஒரு பலத்த அடி கொடுத்தால் சியாங் பணிந்துவிடுவார் என்பது அவர்கள் வாதம். 1936 இறுதியில் உள்மங்கோலியாவில் அத்துமீறிய அதிகாரிகளைக் கண்டிக்க இஷிவாரா போனபோது, மஞ்சூரியாவில் நீங்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம் என்று முத்தோ திருப்பிச் சொன்னது பிரசித்தம். இஷிவாராவிடம் அதற்குப் பதில் இருந்திருக்க முடியாது. 1937 செப்டம்பர் இறுதியில் அவர் மஞ்சூரியாவுக்கு மாற்றப்பட்டார்.

ஜனவரியில் உகாகியைத் தடுக்காமல் விட்டிருந்தால் ஜூலையில் இஷிவாராவுக்குத் தோள்கொடுக்க ஒரு பிரதமர் இருந்திருக்கலாம். இதை நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த ஆண்டைப் படிக்கும் யாருக்கும் இந்த எண்ணம் வராமல் இருக்காது.

## ஷாங்காய்

வடசீனாவோடு சண்டை நின்றிருக்கலாம். அதைத் தெற்கே கொண்டுபோனதில் கடற்படைக்குப் பெரிய பங்கு உண்டு. ஷாங்காய் கடற்படையின் பொறுப்பில் இருந்தது. ஆகஸ்ட் 9 அன்று அங்கே ஹோங்சியாவ் விமானதளத்தருகே ஒரு ஜப்பானியக் கடற்படை அதிகாரியும் அவருடன் வந்தவரும் கொல்லப்பட, 13ஆம் தேதி சண்டை வெடித்தது. மிதவாதி என்று பின்னாளில் பெயரெடுத்த கடற்படை அமைச்சர் யொனாய் மிட்சுமாசாவே தரைப்படையை அனுப்பச் சொல்லி அழுத்தம் கொடுத்தார்.

சீனத் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மானிய ஆலோசகர்கள் பயிற்சி கொடுத்த தன் சிறந்த டிவிஷன்களை சியாங் ஷாங்காயில்தான் இறக்கினார். வெளிநாட்டவர் நிறைந்த நகரில் சண்டை நடந்தால் உலகம் கவனிக்கும் என்று நினைத்தார். மூன்று மாதம் தெருத்தெருவாக, கால்வாய் கால்வாயாகச் சண்டை நடந்தது. ஜப்பான் தரப்பில் மட்டும் சுமார் 40,000 பேர் இறந்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். நவம்பர் 5 அன்று ஹாங்சோ வளைகுடாவில் புதிய படை ஒன்று தரையிறங்கிய பிறகே சீன அணி உடைந்தது.

ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று பேரரசரிடம் சுகியாமா சொல்லியிருந்த போர் இது.

## போர் என்று அறிவிக்காத போர்

இவ்வளவு நடந்தும் ஜப்பான் போரை முறைப்படி அறிவிக்கவில்லை. ‘வடசீனச் சம்பவம்’ என்றார்கள், செப்டம்பர் 2 முதல் ‘சீனச் சம்பவம்’. காரணம் அமெரிக்கா. போரிடும் நாடுகளுக்கு ஆயுத ஏற்றுமதியைத் தடைசெய்யும் நடுநிலைச் சட்டம் அங்கே இருந்தது. ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயும் பழைய இரும்பும் பெருமளவு அங்கிருந்துதான் வந்தன. போர் என்று அறிவித்து அந்த வழியைச் சிக்கலாக்கிக்கொள்ள டோக்கியோ விரும்பவில்லை. சீனாவும் அதே காரணத்தால் அறிவிக்கவில்லை.

உள்நாட்டில் மட்டும் எல்லாம் போர்க்கால ஏற்பாடுதான்.

- செப்டம்பரில் கூடிய நாடாளுமன்றம் சுமார் 200 கோடி யென் போர்ச்செலவுக்குத் தனிக்கணக்கு திறந்தது. போர் முடியும்வரை மொத்தமும் ஒரே நிதியாண்டாகக் கருதப்படும் என்பது ஏற்பாடு. அந்த ‘ஆண்டு’ 1946இல்தான் முடிந்தது. செலவை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் வாய்ப்பையே சபை தன் கையால் விட்டுக்கொடுத்தது.
- முதலீட்டையும் ஏற்றுமதி இறக்குமதியையும் அரசு கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. அக்டோபரில் பொருளாதாரத் திட்டமிடலுக்கென ‘கிகாக்குயின்’ அமைப்பு பிறந்தது.
- நவம்பர் 20 அன்று பேரரசின் போர்த் தலைமையகம் அமைந்தது. பழைய விதிப்படி போரில் மட்டுமே அமைக்கலாம், எனவே ‘சம்பவ’த்திலும் அமைக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். பிரதமருக்கு அதில் இடமில்லை!
- டிசம்பர் 15 அன்று தொடங்கிய கைது வேட்டையில் இடதுசாரிகள் சுமார் 400 பேர் பிடிபட்டார்கள்.

நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழவில்லை. ஹமதாவின் கட்சியும் கையைத் தூக்கியது, ஷக்காய் தைஷூத்தோவும் தூக்கியது. இத்தனைக்கும் ஹமதா ராணுவத்தைத் தட்டிக்கேட்டது அதே ஆண்டு ஜனவரியில்.

## நான்ஜிங்

ஷாங்காய் விழுந்ததும் சூச்சோ–ஜியாஷிங் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று தலைமையகம் எல்லை போட்டிருந்தது. களத்தில் இருந்த பத்தாம் படை அதை மதிக்காமல் சீனத் தலைநகர் நான்ஜிங்கை நோக்கிப் புறப்பட்டது. தலைமையகத் துணைத்தலைவர் ததா ஹயாவோ தடுக்கப் பார்த்துத் தோற்றார். டிசம்பர் 1 அன்று, நடந்துவிட்டதற்குப் பின்னால் ஆணை வந்தது. உணவு வழங்கல் ஏற்பாடு பின்தங்கிப்போன படை, வழியெங்கும் கிராமங்களைக் கொள்ளையடித்தபடி விரைந்தது.

டிசம்பர் 13 அன்று நகரம் விழுந்தது. அடுத்த பல வாரங்கள் கைதிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள், பொதுமக்களைக் கொன்றார்கள், எண்ணற்ற பெண்களை வன்புணர்ந்தார்கள். டோக்கியோ தீர்ப்பாயம் கொல்லப்பட்டோர் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றது, சீன அரசு மூன்று லட்சம் என்கிறது, ஜப்பானிய ஆய்வாளர்களிடையே மதிப்பீடு பெரிதும் மாறுகிறது. எண்ணிக்கைச் சண்டையைக் காட்டி நிகழ்வையே மறுப்பது வேறு சங்கதி. போரில் ஈடுபடாதவர்கள் கொல்லப்பட்டதையும் கொள்ளை நடந்ததையும் ஜப்பான் அரசே மறுப்பதில்லை. அந்த நாட்களில் ஜப்பானிய நகரங்களில் மக்கள் காகித விளக்கேந்தி வெற்றி ஊர்வலம் போனார்கள்.

நகரம் விழுவதற்கு முந்தைய நாள் யாங்சி ஆற்றில் அமெரிக்கப் போர்ப்படகு பனாயை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. டோக்கியோ உடனே மன்னிப்புக் கேட்டு, பின்பு 22 லட்சம் டாலர் இழப்பீடும் கொடுத்தது. தவற்றை ஒப்புக்கொண்டு பின்வாங்க அந்த அரசுக்குத் தெரியாமல் இல்லை.

## கடைசிக் கதவு

நவம்பரிலிருந்து சீனாவுக்கான ஜெர்மானியத் தூதர் ஒஸ்கார் டிராட்மன் சமரசம் பேசிவந்தார். ஜப்பானோடு ஒப்பந்தம், சீனாவோடு ஆயுத வியாபாரம் என்று ஜெர்மனிக்கு இரு பக்கமும் ஆதாயம் இருந்தது. முதல் நிபந்தனைகள் ஓரளவு மிதமானவை: உள்மங்கோலியாவுக்குத் தன்னாட்சி, வடசீனாவில் படையற்ற பகுதி, ஜப்பான் எதிர்ப்பை நிறுத்துவது போன்றவை. டிசம்பர் தொடக்கத்தில் இதன் அடிப்படையில் பேசலாம் என்று சியாங் தெரிவித்தார்.

அதற்குள் நான்ஜிங் விழ, கோனோயே அரசு விலையை ஏற்றியது. மஞ்சுகுவோவை அங்கீகரிக்க வேண்டும், போர் இழப்பீடு தர வேண்டும், படையற்ற பகுதி மத்திய சீனாவிலும் வேண்டும். தோற்றவன் காலில் விழும்வரை விடக்கூடாது என்ற மனநிலை. சீனா விளக்கம் கேட்டது. அது காலம் கடத்தும் தந்திரம் என்றார் ஹிரோத்தா.

1938 ஜனவரி 15 அன்று அரசும் தலைமையகமும் கூடிப் பேசின. பேச்சைத் தொடர வேண்டும் என்று கடைசிவரை மன்றாடியவர் ததா, அதாவது ராணுவத்தின் ஆள். எதிர்த்தவர்கள் ஹிரோத்தா, சுகியாமா, யொனாய். தலைமையகம் வெளியுறவு அமைச்சரை நம்பவில்லை என்றால் அது அரசின் மீதே நம்பிக்கையில்லை என்று ஆகும், அமைச்சரவை ராஜினாமா செய்ய வேண்டியதுதான் என்றார் யொனாய். போர்க்காலத்தில் அரசைக் கவிழ்த்த பழி வேண்டாம் என்று ததா பின்வாங்கினார். ஓராண்டுக்கு முன் அமைச்சரவையை மிரட்ட ராணுவம் எடுத்த ராஜினாமா ஆயுதத்தை, இப்போது அமைச்சரவை தலைமையகத்தின் மீது எடுத்தது. மறுநாள், இனி சியாங்கின் தேசியவாத அரசோடு பேசப்போவதில்லை என்று கோனோயே அறிவித்தார். எதிரி அரசோடு பேச மாட்டேன் என்று சொன்னபின் போரை யாரோடு பேசி முடிப்பது? இதற்கு அவரிடம் பதில் இல்லை.

## பேரரசர் ஏன் நிறுத்தவில்லை?

சட்டப்படி எல்லா அதிகாரமும் ஒன்றுசேரும் இடம் அவர்தான். ஆனால் கீழே ஒருமனதாகி வந்த முடிவுக்கு ஒப்புதல் தருவதே மரபாகியிருந்தது. 1938 ஜனவரி 11 அன்று பேரரசர் ஹிரோஹித்தோ முன்னிலையில் நடந்த கூட்டத்தில் அவர் எதுவும் பேசவில்லை. அவருக்கு எவ்வளவு பொறுப்பு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. மரபு அவரைக் கட்டியது என்போரும், தேவைப்பட்டபோது தலையிட்டவர்தானே என்போரும் உண்டு. 1941 செப்டம்பரில், அமெரிக்காவோடு போர் என்றால் சில மாதத்தில் முடியும் என்ற சுகியாமாவிடம், சீனாவிலும் ஒரு மாதம் என்றீர்களே, நான்கு ஆண்டாகியும் முடியவில்லையே என்று அவர் சினந்தார். சீனாவின் உட்பகுதி பரந்தது என்று சுகியாமா சமாளிக்க, பசிபிக் அதைவிடப் பரந்தது அல்லவா என்று கேட்டார். நான்கு ஆண்டு தாமதமான கேள்வி.

## அறிக்கைக்குப் பிறகு

தன் ஜனவரி அறிக்கை தவறு என்பது சில மாதங்களில் கோனோயேவுக்கே உறைத்தது. 1938 மே மாதம் ஹிரோத்தாவை நீக்கிவிட்டு வெளியுறவு அமைச்சராக அவர் அழைத்துவந்தது, ராணுவம் பிரதமராக விடாத உகாகியை. தேவைப்பட்டால் ஜனவரி அறிக்கையைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்ற உறுதியை வாங்கிக்கொண்டே உகாகி பொறுப்பேற்றார். ஹாங்காங் வழியாகச் சீனத் தரப்போடு ரகசியப் பேச்சும் தொடங்கியது. அதற்குள் சீன விவகாரங்களை வெளியுறவுத் துறையிடமிருந்து பிடுங்கித் தனி அமைப்பிடம் கொடுக்கும் திட்டம் கிளம்பியது. கோனோயே உகாகியின் பக்கம் நிற்கவில்லை. செப்டம்பர் இறுதியில் உகாகி ராஜினாமா செய்தார், ஹாங்காங் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த மாதம் ஜப்பானியப் படை காண்டனையும் வூஹானையும் பிடித்தது. சியாங்கின் அரசு ஏற்கெனவே தலைநகரை மேற்கே சோங்சிங்குக்கு மாற்றியிருந்தது.